மூன்றுதரம் கேட்ட பிறகு

கொதித்து இறக்கிய சூப்பின் ஆவியில் முள்ளங்கி மணக்கும். கூடவே, எங்கள் வீட்டுச் சம்பலில் இடிக்கிற மாசிக்கருவாட்டின் வாடைபோல ஒன்றும் கலந்து வரும். இந்தக் குளிர்நாட்டில் நாங்கள் முன்பு குடியிருந்த மில்லிக்கனில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளியிருந்த ஹருகோ அன்ரியின் குசினியை நினைத்தால் முதலில் வருவது அந்த மணமும், அதைத் தொட்டுக்கொண்டு வருகிற பசியும்தான்.

அப்போது எனக்கு ஆறு வயது. அம்மா விடியவே வேலைக்குப் போய்விடுவார். அந்தக் கோடை விடுமுறை முழுக்கக் காலையும் மதியமும் எனக்கும் வேறு மூன்று பிள்ளைகளுக்கும் அன்ரி வீட்டில்தான் சாப்பாடு. யப்பானில் அவர் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர். அங்கே கணக்குப் படிப்பிப்பதுபோலச் சாப்பிடவும் படிப்பிப்பார்களாம். மீன் உடம்பை வளர்க்க, சோறு ஓடி விளையாட, கீரை நோய் வருத்தம் வராமலிருக்க என்று எங்களைக்கொண்டே சொல்லுவித்து, ஒருவருக்கொருவர் பரிமாறவும் வைப்பார். ஆனால் அவருடைய பெரிய சட்டம் வேறு: சாப்பாட்டைத் தொடமுன் உன் வயிற்றுக்கு எவ்வளவு வேண்டுமென்று நீயே சொல்ல வேண்டும், தொட்டபின் ஒரு பருக்கையும் மிஞ்சக்கூடாது. "இது காணுமா, குறைக்கவா?" என்று ஒரேயொருதரம் கேட்பார். பிள்ளையின் சொல்லை மதிப்பது அவருடைய மரியாதை.

எங்கள் வீட்டு மரியாதையோ, அம்மா சொல்லித்தந்தபடி, "பிறத்தியார் வீட்டில காணாததைக் கண்ட மாதிரி விழக்கூடாது. முதல்தரம் வேண்டாம் எண்டு சொல்லவேணும். மூண்டாந்தரம் கேட்டாத்தான் வாங்கவேணும், விளங்கிச்சோ?" என்பது. எனக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. "வேண்டாம், குறையுங்கோ" என்று சொல்லிவிட்டு இரண்டாந்தரத்துக்காகக் காத்திருப்பேன். அந்த மனிசி சிரித்தபடியே பாதிச் சோற்றை அள்ளி எடுத்துவிடுவார். ஐயோ, என்ன வயிற்றெரிச்சல்!

விடுமுறை பாதி கழியமுன் சட்டை தோளில் நிற்கவில்லை. டொக்டர் நிறை பார்த்து முகத்தைச் சுழித்து, இரத்தம் எடுத்தார். பூச்சி மருந்து, நாவூறு கழிப்பு என்று அம்மா ஒன்றையும் விடவில்லை. மிச்சம் வைக்கிறாளோ என்று கேட்டால், ஒரு பருக்கைகூட விடமாட்டாள் என்று அன்ரி பெருமையாகச் சொல்லுவார். எல்லாம் தின்றும் தேய்கிற பிள்ளைக்குப் பொல்லாத வருத்தம்தான் என்று முடிவுகட்டி, குசினியில் முகத்தைப் பொத்திக்கொண்டு அம்மா அழுதார்.

வேலை நேரத்தோடு முடிந்த ஒரு நாள், அன்ரி வீட்டு வாசலில் நின்றபடி அம்மா எல்லாவற்றையும் கண்டார்: ஒருதரக் கேள்வி, என் "வேண்டாம்", அள்ளப்பட்ட சோறு, அது போன பக்கமே போன என் கண்கள். "ஐயோ, என்ர பிள்ளை பட்டினியெல்லோ கிடந்திருக்கு!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார். அன்ரிக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் அவரும் அழுதார். காரில் ஏறியதும் அம்மா, "இனிமேல் பசிச்சாப் பசிக்குதெண்டு சொல்லு. வெக்கப்படாதை" என்றார். தலையாட்டினேன், ஆனால் சொல்லப் பழகவேயில்லை.

ஹருகோ அன்ரி வீட்டை விற்றுவிட்டு யப்பானுக்கே திரும்பிவிட்டார். நாங்களும் மில்லிக்கனை விட்டு ஸ்ரௌவ்வில்லுக்கு வந்துவிட்டோம். என் மகள் யார் வீட்டிலும் "எனக்கு இன்னும் வேணும்" என்று தட்டை நீட்டுகிறாள். நல்லது, அவள் பட்டினி கிடக்கமாட்டாள். எனக்குத்தான் இன்றைக்கும் யார் எதை நீட்டினாலும் "வேண்டாம்" முந்திக்கொள்கிறது. "சும்மா நடிக்காதை, சாப்பிடு" என்று தட்டில் போட்டுவிடுகிற அம்மா போன பனிக்காலத்தில் செத்துப்போனார். இங்கே எல்லோரும் மரியாதையான ஆட்கள். ஒருதரம்தான் கேட்கிறார்கள்.