லேபிளில் கிளியும் மண்டை ஓடும்

லேபிள் வரைகிறவளின் பெயரை யாரும் கேட்பதில்லை. ஆனால் அவள் வரைந்ததைப் பெயர் சொல்லிக் கேட்காமல் கடைத்தெருவில் ஒரு வியாபாரமும் நடப்பதில்லை. நகக்கண்ணில் மை ஏறிப்போன என் சக லேபிள்காரர்களே, இந்த வேதனையும் இந்தக் குதூகலமும் உங்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பி.ஏ. முடித்த கையோடு, யுத்த காலத்தில், தூத்துக்குடியில் ஒரு கல் அச்சகத்தில், அச்சுக் கல்லின்மேல் படம் வரையச் சேர்ந்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வரைகிறவள் பேச வேண்டியதில்லை என்று நம்பித்தான் போனேன். எவ்வளவு தப்பான நம்பிக்கை!

கிளியின் மூக்கு

என் கைக்கு முதலில் வந்தது செல்லையா அண்ணாச்சியின் நன்னாரி சர்பத் லேபிள். சாத்தான்குளத்திலிருந்து வந்து இங்கே தொழில் நடத்துகிறவர் அவர். பழைய லேபிளில் இருந்த கிளிக்குக் காக்கைக்கு இருப்பதைவிடப் பெரிய மூக்கு. நான் நிஜக் கிளியைப் பார்த்து அளவாக, அழகாக ஒரு மூக்கு வைத்தேன். பாட்டில்கள் கடைக்கு வந்த அன்று நானும் ஓரமாகப் போய் நின்றேன். "அண்ணாச்சி, ஒரு கிளி", "எனக்கு ரெண்டு கிளி" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எழுத்துத் தெரியாத ஊர் என் படத்தை வாசித்துக்கொண்டிருந்தது! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாள் பாட்டிலைத் திருப்பிக்கொண்டு வந்து மேஜைமேல் டொக்கென்று வைத்தார். "எங்க கிளிக்கு மூக்கு பெருசு அண்ணாச்சி. இது எவனோ விட்ட கள்ளக் கிளி. நல்ல கிளியாப் பாத்துக் குடும்."

லட்சுமி வேண்டாம்

கிளிக்குப் பழைய மூக்கை ஒட்டி முடித்ததும் செல்லையா அண்ணாச்சி அடுத்த வேலையோடு வந்தார். மூட்டைப்பூச்சி மருந்து. சர்பத்தின் அதே பழுப்பு நிறம். யுத்தத்தினால் புதுப் பாட்டில் கிடைக்காததால் அதே சர்பத் பாட்டில். குடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். இரண்டுக்கும் நடுவே இருக்கப்போவது நான் வரையும் ஒரு துண்டுக் காகிதம் மட்டும்தான் என்று புரிந்தபோது கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். அவரோ, "தாமரையில நிக்க லட்சுமியப் போடு பிள்ள" என்றார்.

கடையில் பாட்டிலைப் பார்க்கிறவன் இது நல்லது என்றல்லவா நினைப்பான்? இதைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பாதி சொல், பாதி கைச்சாடை. அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பெருந்தன்மையோடு தீர்ப்புச் சொன்னார்: "சரி, லட்சுமி வேண்டாம்னா சரஸ்வதியப் போடு. நீதான் படிச்ச பிள்ளையாச்சே!"

மண்டை ஓடு

கடைசியில் ஒரு வழியாக மண்டை ஓட்டுக்குச் சம்மதித்தார். ஆங்கில மருந்து ஷாப்பில் விஷப் பாட்டிலின்மேல் பார்த்திருந்தேன்: ஒரு மண்டை ஓடு, கீழே குறுக்காக இரண்டு எலும்பு. இதைவிடத் தெளிவாக யார் எச்சரிக்க முடியும்? மாதிரிக்குக் கொஞ்சம் அச்சடித்து ஒட்டி, அச்சகத்து ஆட்களுக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார் அண்ணாச்சி. எங்கள் கல் அச்சு இயந்திரத்தை ஓட்டும் மிக்கேல் அண்ணன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் காலையில் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் மனைவி ரோசம்மா அக்கா அந்தப் பாட்டிலை மாடத்தில் குருசுக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும், ஒரு கரண்டி ஊற்றி வாயருகே கொண்டுபோயிருக்கிறார். மிக்கேல் அண்ணன் பாய்ந்து தட்டிவிட்டிருக்கிறார். நான் அவர் வீட்டுக்கு ஓடினேன். பிள்ளை திண்ணென்று உட்கார்ந்து அவித்த பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. ரோசம்மா அக்கா கோபமாக மாடத்துக் குருசைக் காட்டினார். சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் பாதத்துக்குக் கீழே, சின்னதாக, அச்சு அசலாக அதே மண்டை ஓடும் குறுக்கெலும்பும்! "குருசுக்கடியில இருக்கதக் கொண்டாந்து ஒட்டிப்போட்டுக் குடிக்காதன்னா எவளுக்கு ஏளா வெளங்கும்?"

பேத்தை

மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வண்டி திங்கட்கிழமை கிளம்பும். பாதிப் பெட்டி கடற்கரைக் கடைகளுக்கு, பாதி சாத்தான்குளம் பக்கம். மண்டை ஓட்டையே அச்சடித்துத் தள்ளலாம் என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். நான் கரைக்குப் போனேன். வலையை உதறும் பெண்கள் எதைத் தொடவே மாட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கிடைத்தது! பந்துபோல் வயிறு ஊதிய பேத்தை மீனை மட்டும் குச்சியால் தள்ளிவிட்டார்கள். தின்றால் சாவு என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். ஓட்டமாக வந்து கல்லில் வரைந்தேன். மிக்கேல் அண்ணன் கல்லைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

செல்லையா அண்ணாச்சி கடலை விட்டு வெகு தூரத்தில் பிறந்தவர். மாதிரியை முகத்தருகே பிடித்து, கண் மலர, சப்புக்கொட்டினார். "ஆத்தாடி, என்னா கொழுப்பு! மீனெண்ணன்னு சொல்லி வித்துரலாம் போலுக்கே!"

சொறி

அரளியை வரையலாமா என்றால் அது மாலையாகிச் சாமி கழுத்துக்குப் போகிறது. ஊமத்தை என்றால் அதுவும் சிவனுக்கு. இந்த ஊரில் விஷத்தையெல்லாம் தெய்வங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்! சலித்துப்போய் உட்கார்ந்தபோதுதான் பளிச்சென்று பட்டது: பயத்தில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு, மூட்டைப்பூச்சியில் கிடையாது. ஒரு கயிற்றுக் கட்டில், அதன் காலில் சொட்டும் மருந்து, கீழே கால்களை மேலே தூக்கிச் செத்துக் கிடக்கும் கொழுத்த பூச்சிகள். வரைந்த தாளைத் தெருவுக்குக் கொண்டுபோனேன். ஆமாம், நான்தான்! போகிறவர் வருகிறவரை நிறுத்திக் காட்டினேன். துறைமுகக் கூலிக்காரர், மீன்காரி, ஆற்றுப் பக்கத்திலிருந்து வெற்றிலை கொண்டுவந்தவர் எல்லோரும் பார்த்த மாத்திரத்தில் முதுகைச் சொறிந்தார்கள். ரோசம்மா அக்கா, "சீ! இத அடுப்பங்கரைக்குள்ள வைக்கவே கூசுதே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனந்தத்தில் அவரைக் கட்டிக்கொண்டேன்.

அண்ணாச்சி மட்டும் மசியவில்லை. "இந்த அசிங்கத்த எவன் துட்டு குடுத்து வாங்குவான்? மண்டை ஓடே இருக்கட்டும்." என் நாக்கு வழக்கம்போல் ஒட்டிக்கொண்டது. ரோசம்மா அக்காவின் கரண்டி கண்முன் வந்தது. "அப்படின்னா மண்டை ஓட்டுக் கல்லை நான் அழிச்சிருவேன் அண்ணாச்சி. வேலைய விட்டு நிறுத்தினாலும் சரி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அண்ணாச்சி பதில் சொல்ல வாயைத் திறந்தார்; ஆனால் அவர் கை அவரையறியாமல் தோளைச் சொறிந்துகொண்டிருந்தது. இயந்திரத்தின் பின்னாலிருந்து மிக்கேல் அண்ணன் சொன்னார்: "படத்துக்கே இந்தச் சொறின்னா, அண்ணாச்சி, மருந்து எம்புட்டு ஓடும்னு பாத்துக்கிடும்!"

கடையில்

வண்டி என் பூச்சிகளோடு கிளம்பியது. சில நாள் கழித்து அதே கடையோரம் போய் நின்றேன். ஒரு பக்கம் கிளி, ஒரு பக்கம் பூச்சி. ஒரு தாய் பூச்சிப் பாட்டிலை இரண்டு விரலால் தூக்கி, இடுப்புப் பிள்ளை கை நீட்டியதும், "ஏலே, தொடாத! செத்த பூச்சி!" என்று அதன் கையைத் தட்டினாள். அந்த அடியின் சத்தத்தைவிட இனிய சங்கீதத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்த செல்லையா அண்ணாச்சி என்னைக் கவனிக்கவில்லை. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "வரையுத பிள்ளைக்கு என்ன தெரியும்? பூச்சியப் போடு, பூச்சியப் போடுன்னு நாந்தான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

ஒரு பிள்ளையின் கை பின்வாங்குவதற்காக யாருடைய யோசனை என்பதை விட்டுக்கொடுக்கலாம். கிளியின் மூக்கைச் சரிசெய்ததுகூட அவர்தான் என்று சொன்னால் மட்டும் நான் மறுபடி வாயைத் திறப்பேன்.