மாயக்காள் பிடித்த கைப்பிடி

மாயக்காளுக்கு ஆறு வருஷமாக ஒரே ஆசை. எங்கள் கிளப்பின் புல்வெட்டும் மிஷினை ஒரு நாளாவது தன் கையால் தள்ள வேண்டும். தலைமைத் தோட்டக்காரர் சுருளிவேல் விட்டால்தானே! அவர் பின்னால் நின்று கைப்பிடியைத் தள்ளுவார். அவள் முன்னால் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பாள். "ஏ, செத்த நேராப் போ! கண்ணு எங்கிட்டு இருக்கு?" என்று அவர் போடும் அதட்டல் மலைக்கோட்டை வரை கேட்கும். கிளப்பின் ரைட்டரான எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

வெட்டி முடித்ததும் அவர் பீடி பற்றவைக்கப் போய்விடுவார். ஒட்டிய புல்லைத் தேங்காய் நாரால் வழித்து, சாக்கால் ஈரம் துடைத்து, ஐந்து பிளேடுக்கும் எண்ணெய் தடவுவது அவள் பாடு. வருஷத்துக்கு ஒரு முறை மதுரை ஃபிட்டர் வந்து பிளேடு தீட்டும்போது கூட உட்கார்ந்து சுற்றிக்கொடுத்தவளும் அவள்தான்.

1957இல் ஆயுதபூஜைக்கு முதல் நாள், "ஃபிட்டர் எதுக்கு? நான் தீட்டாத அருவாளா?" என்று சுருளிவேல் பிளேடுகளைச் சாணைக்கல்லில் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். பூஜையன்று காலையில் ஓட்டிப் பார்த்தால், ஆடு கடித்த மாதிரி புல் பிய்ந்து கிடக்கிறது. அருவாளுக்குக் கூர் இருந்தால் போதும். இந்த மிஷினில் சுழலும் பிளேடு ஒவ்வொன்றும் அடியில் அசையாமல் இருக்கும் தகட்டைக் கத்தரிக்கோல் போல ஒரே சீராக உரசிப் போக வேண்டும்.

செக்ரட்டரி ராயப்பராஜ் கொதித்துப் போனார். "நாளைக்குச் சாயங்காலம் மதுரைக்காரங்க டென்னிஸ் ஆட வாராங்க. இதை யாரு சரி பண்றாங்களோ, இனிமே மிஷின் அவங்க கையில."

"நான் பண்றேங்கய்யா" என்றாள் மாயக்காள். பூட்டுப் பட்டறை பக்ருதீனிடம் பிளேடு தீட்டும் எமரிப் பொடி வாங்க ஓட்டமாக ஓடினாள்.

திரும்பி வருவதற்குள் சுருளிவேல் அவசர அவசரமாகப் பூஜையை முடித்திருந்தார். மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், நிலக்கோட்டை மல்லிகை மாலை!

"பூசையில வெச்ச ஆயுதம். நாளைக்குக் காலையில எடுக்குற வரைக்கும் வேலை வாங்கக் கூடாது. சாமி குத்தமாயிரும்" என்றார், முகத்தில் அம்புட்டு பக்தி. தீட்டவே அரை நாள் ஆகும். காலையில் தொடங்கினால் புல் வெட்ட நேரம் இருக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாயக்காள் மிஷினைக் கும்பிட்டாள். ஃபிட்டர் விட்டுப்போன சுற்றுக்கம்பியை எடுத்து அச்சில் மாட்டினாள்.

"முன்னால சுத்துனாத்தாண்ணே மிஷினு வேலை பாக்கும். நான் பின்னாலதானே சுத்தப் போறேன்? பின்னால சுத்துனா ஒத்தப் புல்லு அறுபடாது. நீங்களே விரலை வெச்சுப் பாக்குறீகளா?"

ராயப்பராஜ் சிரித்தே விட்டார்.

விளக்கெண்ணெயில் குழைத்த எமரியைப் பிளேடுகளில் தடவி, ஃபிட்டர் தீட்டுவது போலப் பின்பக்கமாகவே சுற்றினாள். கரகரவென்ற சத்தம் மெல்ல மெல்ல ஒரே சீரான முணுமுணுப்பாகியது. அதற்குள் பொழுது சாய்ந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு பக்கத் திருகாணியையும் கால் சுற்று முடுக்கி, மாலையைத் திரும்பச் சாத்தினாள்.

காலையில் பூஜை எடுத்ததும் ஒரு செய்தித்தாள் துண்டைப் பிளேடுக்கு நடுவில் கொடுத்து, முதல் தடவையாக முன்னால் சுற்றினாள். தாள் பிசிறில்லாமல் இரண்டாக விழுந்தது. ஐந்து பிளேடுக்கும் அப்படியே! நான் கை தட்டிவிட்டேன், வெட்கமே இல்லாமல்.

அவள் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். கயிறு தரையில் கிடந்தது, இழுக்க ஆளில்லை. சுருளிவேல் துண்டை இடுப்பில் கட்டி, கயிற்றைத் தோளில் போட்டார்.

"ம், ஓட்டு தாயி."

புல் பாய் விரித்த மாதிரி விழுந்தது. பாதி மைதானம் போயிருப்பார்கள், மாயக்காளின் குரல் கேட்டது.

"அண்ணே, செத்த நேராப் போங்க!"