என் ரிப்போர்ட்டை யார் யார் பார்க்கலாம்?

போன வருஷம் மழைக்காலம். மும்பை செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எங்கள் கம்பெனி புது சாஃப்ட்வேர் போட்டுக்கொண்டிருந்தது. ஃபைல், ரிப்போர்ட், பில் எல்லாம் இனிமேல் கம்ப்யூட்டரில்தான். அதில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்கிற அனுமதிப் பகுதி என் பொறுப்பு. டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் நசுங்கி வந்து, அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் கேன்டீனில் அம்மாவிடம் போனில் பேசிவிட்டு வைத்தேன். என் தமிழைக் கேட்டுவிட்டு, பக்கத்து மேஜையிலிருந்த நர்ஸ் டீயோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். தாராவிக்காரி. பேச்சு அப்படியே திருநெல்வேலி.

"எக்கா, நீங்கதான கம்ப்யூட்டர் மாத்துதீங்க? அதுல ஒரு ஆளோட ரிப்போர்ட்ட யாரெல்லாம் பாக்கலாம்?"

"யாரோட ரிப்போர்ட்?"

"என்னோடதுதான்" என்றாள் மெதுவாக. மார்பில் ஒரு கட்டி. அங்கேயே டெஸ்டுக்குக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் கொழுந்தனுக்கு அதே ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுண்டரில் வேலை.

"நல்ல பையந்தான். ஆனா என் பேரப் பாத்தா தொறக்காம இருக்க மாட்டான். சாயங்காலத்துக்குள்ள வீடு பூரா தெரிஞ்சிரும். எதுவா இருந்தாலும் எங்க வீட்டுக்காரர்ட்ட நான்தான் சொல்லணும்க்கா."

"பில்லிங்ல இருக்கறவங்களுக்கு பில் தொகை மட்டும்தான் தெரியும். நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

மறுநாள் மீட்டிங்கில் எங்கள் மேனேஜர் வேறு மாதிரி பேசினார். "சப்கோ அட்மின் தே தோ." இப்போதைக்கு எல்லாருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடு, அப்புறம் பூட்டிக்கொள்ளலாம் என்று. ரிப்போர்ட் பட்டனை ஸ்கிரீனில் மறைத்துவிட்டால் போதாதா என்றார் கூட வேலை செய்பவர்.

பட்டனை மறைத்தால் பட்டன் மட்டும்தான் மறையும். ஸ்கிரீனுக்குப் பின்னால், கேட்கிற தகவலை எடுத்துக் கொடுக்கிற வாசல் ஒன்று உண்டு. ஏபிஐ என்போம். அங்கே பூட்டு இல்லையென்றால், கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் நேராக அங்கே போய்க் கேட்டு வாங்கிவிடலாம்.

நர்ஸைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் பக்கம் திரும்பினேன்.

"சார், உங்களுக்கும் இங்கேதானே டெஸ்ட் எடுக்கறாங்க? எல்லாரையும் அட்மின் ஆக்கினா பில்லிங் கவுண்டர்லேர்ந்தே உங்க ரிப்போர்ட் திறக்கும். திறந்து காட்டட்டுமா?"

"நோ, நோ!" என்று கையை நீட்டித் தடுத்தார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவரும்தான். அதோடு பேச்சு முடிந்தது.

டாக்டர், லேப், நர்ஸ், பில்லிங் என்று வேலைக்கு ஒரு ரோல் வகுத்து, அந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் திறந்தேன். ரிப்போர்ட் என்றால் லேபுக்கும், அந்த நோயாளியைப் பார்க்கிற டாக்டருக்கும் மட்டும்தான். ஒவ்வொருவருக்கும் கையால் போட நேரமில்லை. ஒரு சின்ன புரோகிராம் எழுதி, ஏபிஐ வழியாகவே ஊழியர்கள் எல்லாருக்கும் அவரவர் ரோலைக் கொடுத்துவிட்டேன். பிறகு பில்லிங் லாகினில் நுழைந்து, ஒரு மாதிரி ரிப்போர்ட்டைக் கேட்டுப் பார்த்தேன். அனுமதி இல்லை. ஸ்கிரீனை விட்டுவிட்டு ஏபிஐயிடமே நேராகக் கேட்டேன். அங்கேயும் அதே பதில். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மறுப்பையும் வாங்கியதில்லை!

கொஞ்ச மாதம் கழித்து அங்கே போனபோது, அவளே என்னைத் தேடி வந்தாள். மெலிந்திருந்தாள். தலையில் ஸ்கார்ஃப்.

"கேன்சர்தான்க்கா. ஆரம்பத்துலயே பாத்தாச்சு. மாட்டுங்கால ஒரு பார்க்குல அவர உக்கார வச்சு நானே சொன்னேன். அவரு அழுது முடிக்கட்டும்னு இருந்து, பெறவுதான் நான் அழுதேன்." சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவது அந்தக் கொழுந்தன்தானாம்.

இன்றைக்கும் அவசரத்தில் யாராவது எல்லாருக்கும் திறந்துவிடச் சொன்னால் நான் தயங்காமல் மறுத்துவிடுகிறேன். ஒருவர் தன் சேதியைத் தன் வாயால் சொல்வதற்குள் வேறு யாரும் முந்திக்கொள்ளாமல் பார்ப்பதுதான் என் வேலை என்று எனக்கு இப்போது தெரியும்.