வாப்பா கேட்ட பாட்டு

எங்கள் வீடு பள்ளிவாசல் மதிலோடு ஒட்டியது. அதனால் மின்பியானோவை எப்போதும் ஹெட்போன் மாட்டித்தான் வாசிப்பேன்; நானே எழுதிய பாட்டுகளை உதட்டுக்குள்ளேயே பாடிக்கொள்வேன்.

கொழும்பில் பதிவுசெய்த என் பாட்டு முதன்முதலாக வானொலியில் வந்தது. எங்கள் ஊர் கல்முனையே அதைப் பற்றிக் கதைத்தது. நோயில் படுத்திருந்த வாப்பாவின் காதருகே ஃபோனில் அதைப் போட்டேன்.

அவர் முகம் வாடியது. “இது உன்ட பாட்டு இல்லியே மகள். உன்டது டொக்டொக்கெண்டுதானே கேக்கும்?”

இத்தனை வருடமும் அவர் கேட்டது கட்டைகளின் தட்டல் மட்டும்தான். மின்பியானோவில் ஹெட்போனைச் செருகி அதே பாட்டை வாசித்தேன். போர்வைக்கு மேல் அவர் விரல் தாளம் போட்டது.

“ஓம் மகள், இதுதான்.”

அந்தக் கிழமையே வாப்பா மௌத்தானார்; பள்ளிவாசலில் அடக்கம் செய்தார்கள்.

இப்போது மேடைகளில் எனக்குப் பெரிய பியானோ தருகிறார்கள். அதன் முழக்கத்தில், வாப்பா கேட்ட பாட்டு எனக்கே கேட்பதில்லை.