இடது காலில் கட்டிய சிப்

ஐம்பதைத் தொடப்போகும் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இறுக்கமான டவுசர் மாட்டிக்கொண்டு ஓடுகிறான், பிறகு சைக்கிள் மிதிக்கிறான், பிறகு மறுபடியும் ஓடுகிறான் என்றால் அவனுக்கு வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்தப் பந்தயத்துக்கு டூயத்லான் என்று பெயர். என் மனைவி வைத்திருக்கும் பெயர் வேறு. அதை இங்கே எழுத முடியாது.

இந்தப் பைத்தியத்தில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். மும்பை தாராவியில் தோல் பை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தவன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். என் குடும்பத்தைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நான் ஆண்டாப் ஹில்லிலிருந்து சைக்கிளில் கிளம்பினால் சயான் பாலத்தடியில் எனக்காக நின்றுகொண்டிருப்பான். இரண்டு பேருக்கும் வேகம் என்பதே கிடையாது. போன சீசனின் கடைசிப் பந்தயத்தில் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி, பின்னால் வரும் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார்கள். நான் அந்த வண்டி டிரைவரோடு சண்டைக்குப் போனேன். கூட்டாளி சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து இழுத்தான். "விடுங்கண்ணே. அடுத்த தடவை முடிச்சிட்டுத்தான் மறுவேலை" என்றான். அன்று சாயங்காலமே புது சீசனின் முதல் பந்தயத்துக்கு இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் பதிந்துவிட்டான்.

மழைக்காலத்தில், நான் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில், தனியாக சைக்கிளில் போனவன் செம்பூர் தாண்டிச் சாலையோரமாக உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னை அண்ணே என்றும் என் மனைவியை மைனி என்றும் கூப்பிடுகிறவள். பந்தயம் நடத்துகிறவர்கள் அவன் பெயரில் கொடுத்த பையை அவளே போய் வாங்கி வந்திருந்தாள். அதிலிருந்து சிப்பை மட்டும் எடுத்து என் முன்னால் வைத்தாள். சிப் என்பது ஒரு பட்டையில் கோத்த பொத்தான் மாதிரி இருக்கும். கணுக்காலில் கட்டிக்கொள்ள வேண்டும். வழியில் அங்கங்கே விரித்திருக்கும் ரப்பர் விரிப்பைத் தாண்டும்போது இன்னார் தாண்டினார் என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். வீட்டில் இருப்பவர்கள் போனில் வரைபடத்தைத் திறந்தால் நாம் ஒரு புள்ளியாக நகர்வதைப் பார்க்கலாம்.

"அண்ணே, இதையும் காலுல கெட்டிட்டு ஓடுங்க" என்றாள். "முடிக்கணும் முடிக்கணும்னு சொல்லிட்டே இருந்தாவ. இது ஒண்ணாவது கோட்டைத் தாண்டட்டும். நான் வீட்டுல இருந்து அவிய போன்ல பாத்துக்கிடுதேன்."

ஓர் உடம்புக்கு ஒரு சிப் என்பது விதி. வராத நண்பனின் சிப்பையும் கட்டிக்கொண்டு ஓடி, அவனுக்கும் ஒரு மெடல் வாங்கிக் கொடுக்கும் புண்ணியவான்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. அவர்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அவள் அழுதிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் அழவில்லை. சரி என்றேன். நேரத்துக்குள் முடிப்பேனா என்று எனக்கே தெரியாது. இதில் இரண்டு பேருக்காக முடிக்க வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

மறுநாள் விடிவதற்குள் பந்தயம் நடக்கும் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் போய்ச் சேர்ந்தேன். சிப்பை எப்போதும் இடது காலில்தான் கட்டுவோம். வலது பக்கம் சைக்கிள் சங்கிலி ஓடுகிற பக்கம். கிரீஸ் ஒட்டும், பட்டை பல்லில் மாட்டினாலும் மாட்டும். இடது கால் ஒன்றுதான் இருக்கிறது, சிப் இரண்டு இருக்கிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவனுடையதை இடது காலில் கட்டினேன். வந்த விருந்தாளிக்குத்தானே நல்ல இலையைப் போட வேண்டும். என்னுடையதை வலது காலில் கட்டி, சாக்ஸை மேலே இழுத்துவிட்டேன்.

சைக்கிள்களை நிறுத்துகிற கம்பிகளில் எண் ஒட்டியிருந்தார்கள். சேர்ந்து பதிந்ததால் என் எண்ணுக்கு அடுத்தது அவன் எண். மற்ற இடமெல்லாம் கைப்பிடியோடு கைப்பிடி இடிக்க சைக்கிள்கள் நெருக்கி நின்றன. என் சைக்கிளுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. அந்தப் பக்கத்து ஆள் தன் பையை அங்கே வைக்கப் போய், எண்ணைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

முதல் ஓட்டம் கிளம்பியது. அந்தக் குளிர்காலப் புகைமூட்டத்தில் கண்ணாடிக் கட்டடங்களுக்கு மேல் மாடிகளே இல்லை. மித்தி நதியின் நாற்றம் சாலையிலேயே படுத்துக் கிடந்தது. வேகக்காரர்கள் எல்லாம் கண்ணுக்கு மறைந்த பிறகு என் காலில் இருந்த இரண்டு சிப்பும் கிளிக், கிளிக் என்று மாறி மாறிக் கேட்க ஆரம்பித்தன. என் நடை எனக்குத் தெரியும். வலது இடது இரண்டும் ஒரே சீராக விழும். அன்று இடது கால் கொஞ்சம் முந்தி விழுந்தது. கொஞ்சம்தான். நானும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். அது முந்திக்கொண்டேதான் இருந்தது. ஒரு வங்கிக் கட்டடத்தின் கண்ணாடி ஓரமாகப் போகும்போது என் உருவம் பக்கத்திலேயே ஓடி வந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நடுச்சாலைக்கு மாறினேன்.

சைக்கிளில் அதே சாலையைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். முதல் சுற்றுக் கடைசியில் வளைவில் திரும்பும்போது வலது காலில் சுருக்கென்று ஏதோ இழுத்தது. நரம்பு பிடிக்கப் போகிறது என்று நினைத்து, குனிந்து பார்க்காமல் மிதித்தேன்.

அதற்குப் பிறகுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. மிதிப்பதை நிறுத்திச் சும்மா உருளவிட்டால் சைக்கிள் சக்கரம் டிக் டிக் என்று சத்தம் போடுமே, அது. அவன் சைக்கிளுக்கு அந்தச் சத்தம் ரொம்ப அதிகம். எண்ணெய் விடுடா என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். "ஆள் வருதான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்ணே" என்பான். என் சைக்கிளாகத்தான் இருக்கும் என்று நினைத்து நான் மிதித்தேன். மிதித்தால் என் சக்கரம் சத்தம் போடாது. பின்னால் சத்தம் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது, புகைக்குள் ஒரு தெருவிளக்கு மட்டும் எரிந்தது. அடுத்த சுற்று முழுக்க நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். உருளவிடத் தைரியம் வரவில்லை.

சைக்கிளை விட்டுவிட்டு ஓட வந்தபோது அவசரத்தில் என் இடத்தில் நிறுத்தாமல் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்திவிட்டேன். பந்தயத்துக்கு உதவ வந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற காலேஜ் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "அங்கிள், யே தூஸ்ரே கா ஹை" என்றாள். இது வேறு ஒருவருடைய இடமாம். அவர் வரமாட்டார் என்று இந்தியில் சொன்னேன். அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவர் வந்துவிட்டாரே அங்கிள், இப்போதுதான் உள்ளே வந்ததாகக் காட்டுகிறது, நீங்கள்தான் இன்னும் வரவில்லை என்று காட்டுகிறது என்றாள். பிறகு அவன் சைக்கிள் எங்கே என்று அந்தக் காலி இடத்தைச் சுற்றித் தேடினாள்.

அந்த மெஷின்களில் ஏதோ கோளாறு என்று அவளிடம் எரிந்து விழுந்துவிட்டு ஓடினேன்.

இரண்டாவது ஓட்டத்தின் பாதியில் வலது கெண்டைக்கால் கல்லாகப் பிடித்துக்கொண்டது. நின்றேன். பின்னால் அந்த வண்டி, எங்களை ஏற்றிய அதே மாதிரி வண்டி, மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தது. இனி முடியாது என்று நான் தீர்மானித்துவிட்டேன். அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். ஆனால் இடது கால் நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே, ஓடப் போகிறவன் மாதிரி, குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. அதை நான் செய்யவில்லை. "சும்மா இருல, வாரேன்" என்று வாய்விட்டுச் சத்தம் போட்டேன். தண்ணீர் கொடுக்க நின்றவர் ஒரு அடி பின்னால் போனார். பிறகு நொண்டிக்கொண்டே ஓடினேன். நான் ஓடினேன் என்பதைவிட இழுத்துக்கொண்டு போகப்பட்டேன் என்று சொல்வதுதான் நியாயம். இப்படி நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், எனக்கும் அதைப்பற்றிக் கவலையில்லை.

நேரம் முடிய இன்னும் சொற்பம் பாக்கி இருக்கும்போது கோட்டைத் தாண்டினேன். மைக்கில் இருந்தவன் திரையைப் பார்த்து உற்சாகமாக ஒரு பெயரைக் கூவினான். அது அவன் பெயர். அவன் அப்பா பெயரோடு சேர்த்து முழுசாக. கூட்டம் கை தட்டியது. என் பெயருக்காகக் காத்திருந்தேன். அதைக் கூப்பிடவே இல்லை.

குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. என் வலது கணுக்கால் வெறுமையாக இருந்தது. சாக்ஸில் சங்கிலிப் பல்லின் கறுப்பு வரிசையாகப் பதிந்திருந்தது. முதல் சுற்றிலேயே பட்டையைச் சங்கிலி பிடுங்கிப் போட்டிருக்கிறது. முடிவு சொல்கிற மேஜையில் இருந்த ஆளும் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து அதையேதான் சொன்னார். நான் பந்தயத்தை முடிக்காதவன். முதல் சுற்றோடு நின்றுபோனவன். அவன் முடித்தவன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாகவும் இருந்தது. இந்தச் செய்தியை அவளுக்குப் போனில் சொல்லலாம் என்று பையை எடுக்கத் திரும்பினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளே நின்றுகொண்டிருந்தாள். நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்தியிருந்தாள். கையில் அவன் போன். தாராவியிலிருந்து ஆட்டோவில் வந்திருக்கிறாள்.

"வந்துட்டியளா" என்றாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"முடிச்சாச்சும்மா. அவன் முடிச்சிட்டான். எனக்குத்தான் சிப் அறுந்து விழுந்துட்டு."

"உங்க புள்ளி நின்னு போச்சுண்ணே. அவிய புள்ளி மட்டும் போவுது. உங்களுக்குப் போன் பண்ணுதேன், எடுக்கல."

"போன் பையில கெடக்கு."

அவள் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கும் இப்பிடித்தான். எங்க போனாலும் லொக்கேஷனை அனுப்பிட்டுத்தான் போவாவ. செம்பூரு பக்கம் புள்ளி ஒரே எடத்துல நின்னுச்சு. டீ குடிக்காவ போலன்னு நெனச்சேன். தோசைக்கு மாவு கரைச்சிட்டு இருந்தேன்ணே."

நான் தடுப்பை ஒட்டி நெருங்கிப் போய் நின்றேன்.

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதிய" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "இன்னைக்கு உங்க புள்ளி நின்னப்ப எனக்கு மொதல்ல பயம் வரல. சந்தோசமா இருந்துச்சு. அவிய போய்க்கிட்டே இருக்காவ, நின்னது நீங்கதான்னு. அப்பிடியே பாத்துட்டு இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?" என்று நான் ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஒரு சுத்து" என்றாள். "அவிய முழுசா ஒரு சுத்து சுத்தி முடிக்கித வரைக்கும். பொறவுதான் ஆட்டோ புடிக்க ஓடுனேன்."

முன்கோபி என்று எனக்கு ஆபீஸ் முழுக்கப் பெயர் உண்டு. அன்று கோபம் வரவில்லை. ஒரு சுற்று நேரம் தாராவியில் அந்த அறையில் அவன் உயிரோடு இருந்திருக்கிறான், நான் செத்துக் கிடந்திருக்கிறேன். அதைப் பார்த்து ஒருத்தி சந்தோஷப்பட்டிருக்கிறாள். அவள் இடத்தில் என் மனைவி இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. குனிந்து இடது காலில் இருந்த பட்டையை அவிழ்த்தேன். மேஜையில் திருப்பித் தர வேண்டிய சிப் அது. அவளிடம் கொடுத்தேன். அவள் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"மைனிட்ட சொல்லிராதியண்ணே."

"எதை?" என்றேன்.