அப்பா வராத ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் சேலத்திலிருந்து ராசிபுரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு அம்மா மடியில் தூக்குப்போசியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூடியை மீறி வந்தது கோழிக் குழம்பு வாசம். பஸ்ஸில் பாதிப் பேருக்காவது பசித்திருக்கும். கோழிக் குழம்பு வாசம் வந்தால் எனக்கு இன்றைக்கும் விலங்கியல் புத்தகம்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் பிளஸ் டூ படித்தது நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் பிளஸ் டூ என்றால் பிள்ளை மட்டும் படிப்பதில்லை, வீடே சேர்ந்து படிக்கும். என்னைக் கொண்டுபோய் விட்ட அன்றே வீட்டில் கேபிளை வெட்டிவிட்டார்கள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் அம்மா போகவில்லை. பிள்ளை அங்கே கஷ்டப்படும்போது நாம் இங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாமா என்பது அவள் கேள்வி. நான்தான் விடுதியில் இருக்கிறேனே, வீட்டில் டி.வி. ஓடினால் எனக்கென்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்கள் வந்து பார்க்கலாம். மைதானத்து வேப்பமரங்களுக்கு அடியில் உரச்சாக்கை விரித்து ஒவ்வொரு குடும்பமும் உட்கார்ந்துவிடும். நீங்கள் நம்பமாட்டீர்கள், மீசை முளைத்த பையன்களுக்கெல்லாம் அம்மாக்கள் கோழிக் குழம்புச் சோறு ஊட்டுவார்கள். பையன்கள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வாயை மட்டும் திறப்பார்கள். சோற்றைப் பிசைகிற நேரமும் கை கழுவுகிற நேரமும் மிச்சம். அப்பாக்கள் பரீட்சை அட்டையை வாங்கி விசிறிக்கொண்டிருப்பார்கள். எங்கள் மரத்தடியில் ரெட்டைச் சடையோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு அம்மா ஊட்ட, அப்பா விசிறுவார். அவர் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கினார். எந்தச் சோப்புப் போட்டாலும் அவர் நகக்கண்ணில் மஞ்சள் போகாது.

அப்பாவுக்கு ஒரு சந்தேகம் உண்டு. மூட்டை தூக்கினால் தூக்கியது தெரியும். தறி ஓட்டினால் சத்தம் கேட்கும். வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எந்த ஊர் வேலை?

"சத்தமாப் படி சாமி. ஒழச்சா எப்படி வராம போயிரும்?"

நான் இதயத்தின் நான்கு அறைகளையும் தொண்டை கிழியக் கத்துவேன். மரத்துக்கு மரம் இதே கூத்துதான். ஒருபக்கம் வேதியியல், ஒருபக்கம் கணக்கு. பக்கத்து மரத்துப் பையனின் கணக்குச் சூத்திரமெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆனது. என் பாடம்தான் ஏறவில்லை.

உழைத்தால் மேலே வரலாம் என்பதற்கு அப்பா கையில் சாட்சி இருந்தது. அவருடைய மண்டி முதலாளியும் ஒரு காலத்தில் மூட்டை தூக்கியவர்தான். அதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அவரோடு சேர்ந்து தூக்கிவிட்டு, இன்னும் தூக்கிக்கொண்டே இருப்பவர்களைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டார்கள். என் அப்பாவும் அந்த வரிசையில்தான் இருந்தார். அவருக்கு அது தோன்றியதே இல்லை. எனக்குத்தான் அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல், அப்பா மட்டும் வருவார் என்று போனில் சொல்லியிருந்தார்கள். மதியம்வரை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மரத்து அம்மா, "ஏங்கண்ணு, உங்கூட்ல வரலியா? வா, ஒரு வாய் வாங்கிக்க" என்று எனக்கும் ஊட்டிவிட்டார். கொஞ்ச நேரம் அழுகை வந்தது. அப்புறம் சத்தமாகப் படிக்கச் சொல்ல ஆளில்லை என்பது மெல்ல உறைத்தது. புத்தகத்தைத் தலைக்கு வைத்து அப்படியே படுத்தேன். சாயங்கால மணி அடித்தபோதுதான் விழித்தேன். அந்த வருஷத்தில் நான் நிம்மதியாகத் தூங்கிய பகல் அது ஒன்றுதான். மறுநாள் டெஸ்டில் நல்ல மார்க்கும் வந்தது!

ரிசல்ட் வந்தது. கொஞ்சத்தில் மெடிக்கல் சீட் போய்விட்டது. அம்மா அழுதாள். நான் மூலையில் உட்கார்ந்து அப்பாவின் திட்டுக்குக் காத்திருந்தேன். அவர் மண்டியிலிருந்து வந்தார், கால் கழுவினார், என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"உன்ற மேல தப்பில்ல சாமி. அன்னிக்கு ஒரு ஞாயித்துக்கெழம நான் வராம போயிட்டேன். லோடு ஏத்திட்டு வந்து செத்த நேரம் படுக்கலாம்னு படுத்தேன். அசந்து தூங்கிட்டேன். அதாம் இப்படி ஆயிப்போச்சு."

"அதுக்கும் இதுக்கும் என்னங்கப்பா சம்பந்தம்? அன்னிக்கு நானும் நல்லாத் தூங்குனேன். மார்க்கும் நல்லாத்தான வந்துச்சு."

என் தலையைத் தடவினார். "எனக்காவச் சொல்ற" என்றார்.

உழைத்தால் வரும் என்றால், வராதபோது யாரோ உழைப்பில் குறை வைத்திருக்க வேண்டும். ஆயுளெல்லாம் மூட்டை சுமந்த மனுஷன் தேடித்தேடி, தான் தூங்கிய ஒரு மதியத்தைக் கண்டுபிடித்துவிட்டார். சீட் போனதற்கு நான் அழவில்லை, இதற்குத்தான் அழுதேன்.

இப்போது நான் சேலத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஊரில் சிலர் டாக்டரம்மா என்கிறார்கள். அந்தப் பள்ளி இல்லை, மக்காச்சோளக் குடோன் ஆகிவிட்டது. லாரி திரும்புவதற்காக வேப்பமரங்களை வெட்டிவிட்டார்கள். டாக்டராவதற்கான பரீட்சையே வேறாகிவிட்டது. சாக்கும் சோறுமாக உட்கார்ந்திருந்த அந்தக் குடும்பங்கள் எங்கே போயினவோ தெரியாது. முழங்கால் தேய்ந்து அப்பா மண்டிக்குப் போவதை நிறுத்தியும் வெகுநாளாகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கட்டிலில் படுத்திருப்பார். நான் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், பதறி எழுந்து உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைப்பார்.

"தூங்கல சாமி. சும்மா சாஞ்சிருந்தேன்."

அதனால் இப்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. எதிர் பேக்கரியில் ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போகிறேன்.