வீட்டுக்குப் போக மறுத்த யசோதா

யசோதா எதற்கும் தலையாட்டிப் பழக்கமில்லாதவள். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். கொட்டுகிற மழையில் ஒதுங்க விடாத கங்காணியிடம், கூடையை மலையிலேயே இறக்கிவைத்துவிட்டு நியாயம் கேட்டவள். வாய்க்காரி என்று பெயர்.

அன்று விடிகாலையில் பால் கறக்கக் குனிந்தவளைப் பசு எட்டி உதைத்தது. இடது விலா எலும்புக்குக் கீழே சரியான உதை. சாணத்தில் விழுந்தவளுக்கு மூச்சுத் திரும்பவே நேரமானது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர், "காயமே இல்லையேம்மா, தைலம் தேச்சிட்டுப் படு" என்று பனடோல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

பத்து மணிக்கு இடது தோள் குடைந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. கணவன் இருளப்பன், "அதான் ஐயா பாத்துட்டாரே, செத்த படு" என்றான்.

"வயித்துக்குள்ள போயா பாத்தாரு? ஆட்டோவக் கூப்பிடுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷஹ்மா வயிற்றை அழுத்திப் பார்த்து, ஸ்கேனும் செய்தார். "ஒண்டும் தெரியல்ல. மருந்து தாறன், வீட்டுக்குப் போங்க. கூடினா வாங்க."

யசோதா கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "போக மாட்டேன் டாக்டர். உதை வயித்துல, வலி தோள்லங்க. அது ஏன்னு சொல்லுங்க, போறேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "தோளா? எந்தத் தோள்?"

"இடது."

நாடியைப் பிடித்தார். வந்தபோது தொண்ணூற்றாறு, இப்போது நூற்றிருபது. உடனே மறுபடி ஸ்கேன். இந்த முறை மண்ணீரலைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது.

"இது ரத்தம். உள்ளுக்குக் கசிஞ்சு மேல முட்டுது, அந்த வலிதான் தோள்ல காட்டுது. நீங்க பிடிவாதமா நிண்டது நல்லதாப் போச்சு."

"நிக்காம பின்ன?" என்றாள் யசோதா, உதடு வெளுத்திருந்தும்.

அரை மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை. கிழிந்த மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் கூடை தூக்கக்கூடாது என்றார்கள். அதை மட்டும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டாள்.

போன மாதம் அதே தோட்டத்தில் மரக்கிளை வெட்டிய ஜீவன் வயிறு அடிபட விழுந்தான். காயமில்லை, பிறகு பார்க்கலாம் என்றார்கள் டிஸ்பென்சரியில். யசோதா தோட்டத்து ஆபீஸ் வாசலில் போய் நின்று, அவனை ஏற்றிப்போக லொறி வரும்வரை நகரவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு ஸ்கேன் எடுத்து, ஒரு நாள் வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் கங்காணி.

"இப்ப உள்ள பாத்துட்டு ஒண்ணுமில்லன்னா நம்புறேன்" என்றாள் யசோதா.